நூற்றில் ஒரு தடவை

என் வேலை லிஃப்டில் மாட்டிக்கொள்வது. சிரிக்காதீர்கள். மாதச் சம்பளம் உண்டு, ஒன்பதாம் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடியிருக்க ஓர் அறை உண்டு, வருஷத்துக்கு ஒரு டார்ச் லைட் உண்டு. கட்டடத்தில் எல்லோரும் என்னை ‘நூறு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் என் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவளுக்குக் கோபம் அடிக்கடி வரும்.

இந்த வேலை எப்படி முளைத்தது என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட் தினமும் நடுவழியில் நின்று எல்லோருடைய உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் வந்தார். மோட்டாரைத் திறந்து என்னவோ செய்தார். கையைத் துடைத்துக்கொண்டே, “பழைய மோட்டார் சார். இனிமே பரவாயில்லாம ஓடும். நூத்துல ஒரு தடவை நிக்கும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு கட்டடமாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். எங்கள் செயலாளர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இம்மி பிசகினாலும் ஃப்ரேமைக் கழற்றி மறுபடியும் மாட்டுகிற மனிதர். அன்று சாயங்காலமே கூட்டம் போட்டுவிட்டார்.

“நூத்துல ஒண்ணு நிக்கும்னா என்ன அர்த்தம்? தொண்ணூத்தொம்பது நிக்காதுன்னு அர்த்தம். தொண்ணூத்தொம்பது பேரு நிம்மதியாப் போகலாம். நூறாவதாப் போறவனுக்குத்தான் ஆபத்து. அந்த நூறாவது ஆளைச் சம்பளத்துக்கு வெச்சுக்கிட்டா பிரச்சினையே இல்லையே!”

எல்லோரும் கைதட்டினார்கள். வாட்ச்மேன் வேலை கேட்டு வந்து வாசலில் நின்றிருந்த நானும் தட்டினேன். பலமாகத் தட்டியதாலோ என்னவோ, எனக்கே அந்த வேலை கிடைத்தது.

தரைத்தளத்தில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டினார்கள். எண்ணிக்கைப் பொறுப்பு செயலாளர் மனைவிக்கு. கட்டடத்துக்கே அவர் அக்கா. அவர்கள் வீடு லிஃப்டுக்கு நேர் எதிரே. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. வீட்டில் இரண்டே பேர், சத்தமே இருக்காது. அதனால் லிஃப்ட் கிளம்பும் சத்தம் அக்காவுக்கு நன்றாகக் கேட்கும். சாக்பீஸோடு வந்து ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். ராத்திரி அவர் தூங்கிய பிறகு நடக்கும் பயணங்களுக்குச் சராசரி போட்டு, காலையில் ஆறு கோடு சேர்த்துக்கொள்வார். கட்டடமே ஊருக்குப் போயிருந்த ராத்திரிக்கும் ஆறு கோடுதான்.

தொண்ணூற்றொன்பது ஆனதும் மணி அடிப்பார்கள். எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். நான் ஸ்டூல், தண்ணீர் பாட்டில், டார்ச் சகிதம் ஏறுவேன். லிஃப்ட் என்னோடு நின்றால்தான் பலகையை அழித்து மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கலாம். நிற்காவிட்டால் நிற்கும்வரை நான் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் முப்பதிலோ நாற்பதிலோ வேறு யாராவது மாட்டிக்கொண்டால் செயலாளர் அசரமாட்டார். “அது அட்வான்ஸா நின்னுடுச்சு” என்று சொல்லிப் பலகையை அழித்துவிடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த லிஃப்டில் அதிகம் போனவன் நான்தான். சில வாரங்களில் கட்டடமே மூட்டைமுடிச்சோடு படியேறி மூச்சுவாங்கிக்கொண்டிருக்கும். நான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து மேலும் கீழும் போய்வருவேன். கம்பிக் கதவு வழியாக என்னைப் பார்த்து, “பாவம் நூறு, நமக்காக எவ்வளவு கஷ்டப்படறான்” என்பார்கள். லிஃப்டுக்குள் சிவப்பு பட்டன் ஒன்று இருந்தது, அழுத்தினால் நின்றுவிடும். முதல் மாதமே நான் அதை உபயோகிக்க ஆரம்பித்தேன். செயலாளர் கண்டுபிடித்து, “வேணும்னே நிறுத்தினா செல்லாது” என்று அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

இது போதாது என்று ரேஷன் வேறு. கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்குச் சராசரி நாலரைப் பயணம் என்று கணக்குப் போட்டார் செயலாளர். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் நாலரைதான். ஐந்தாவது தடவை ஏறினால் பாதி வழியில் இறங்கிவிட வேண்டும். எட்டாம் மாடி பல் டாக்டர் தினமும் சாயங்காலம் நாலாம் மாடியில் இறங்கி மீதியை நடந்தே ஏறுவார். ஒருநாள்கூட முணுமுணுத்தது கிடையாது. சராசரி என்று சொல்லிவிட்டால் படித்தவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை.

எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் என் பெண்டாட்டி. அவள் வானிலை அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கிறவள். மழைக்கு எழுபது சதவீத வாய்ப்பு என்று அறிவித்து, மழை வராமல் போனால், ஊர் முழுக்க அவளைத்தான் திட்டும். ஐம்பது சதவீதம் என்றீர்களே, என் வீட்டில் எந்தப் பாதி நனையும் என்று கேட்ட ஆள்கூட உண்டு. எட்டு மணி நேரம் அதைக் கேட்டுவிட்டு வருகிறவளிடம் செயலாளரின் கணக்கை எடுத்தால் என்ன ஆகும்?

“நேத்து பெய்யலைங்கறதுக்காக இன்னைக்கு வந்து பாக்கியைத் தீர்த்துட்டுப் போகுமா மழை? அதே மாதிரிதாங்க உங்க லிஃப்டும். அதுக்கு எண்ணத் தெரியாது.”

“செயலாளருக்குத் தெரியுமே” என்பேன் நான். தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கென்ன, சம்பளம் வந்தது, அறை இருந்தது. அவள் மாசமாகும்வரை அந்தக் கணக்கு சரியா தப்பா என்று நான் யோசித்ததே இல்லை.

ஒன்பதாம் மாதம் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குழந்தை குறுக்க கிடக்கு. ஆபரேஷன்தான். வலி வந்த உடனே, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம கிளம்பி வந்துடணும். படி இறங்கவே கூடாது. லேட் ஆச்சுன்னா ரெண்டு பேருக்குமே ஆபத்து.” அன்றைக்கே ஆஸ்பத்திரிப் பையைக் கட்டிக் கதவருகே வைத்துவிட்டேன்.

ஒரு காலையில் வலி வந்தது. டாக்சிக்குப் போன் செய்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளைக் கைத்தாங்கலாக லிஃப்டுக்கு அழைத்து வந்தேன். பட்டனை அழுத்தப் போகிறேன், கீழே மணி அடித்தது.

“என்ன சத்தம் அது?” என்றாள்.

“தொண்ணூத்தொம்பது.”

மூன்றாம் மாடி பாட்டு டீச்சர் பேப்பர் எடுத்துவர இறங்கியிருந்தார். மூன்று மாடி இறங்கி நடக்க முடியாதா அந்த அம்மாவுக்கு! எனக்கு வந்த கோபத்தில் பட்டனை உடைத்திருப்பேன். ஆனால் கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அடுத்தது நூறு. நூறில் இவளை ஏற்றி, அது நடுவில் நின்றுபோனால்?

“இந்தா, இந்த ஸ்டூல்ல உட்காரு. அஞ்சே நிமிஷம். நான் போய் மாட்டிக்கிட்டு வந்துடறேன்.”

“மாட்டிக்கிட்டா எப்படி வருவீங்க?”

அதை நான் யோசிக்கவில்லை.

“மாட்டிக்கிட்டா மெக்கானிக் வர மூணு மணி நேரம் ஆகும். மாட்டிக்கலைன்னா மறுபடியும் போவீங்க. இதுல நான் எப்ப ஆஸ்பத்திரிக்குப் போறது, நூறு?”

அதற்குள் செயலாளரும் அக்காவும் ஒன்பது மாடி படியேறி வந்துவிட்டார்கள். செயலாளருக்குப் பேச்சே வரவில்லை, அப்படி மூச்சுவாங்கியது. அக்கா கையில் சாக்பீஸ். பின்னாலேயே பல் டாக்டர், பாட்டு டீச்சர், இன்னும் நாலைந்து பேர்.

“பயப்படாதம்மா. முதல் பிரசவத்துக்குச் சராசரியா பன்னெண்டு மணி நேரம் ஆகும். நேரம் நிறைய இருக்கு” என்றார் செயலாளர்.

“சார், எனக்கு வலி சராசரியா வரலை. இப்ப வருது” என்றாள் அவள்.

செயலாளர் யோசித்தார். அவர் யோசித்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு சொன்னார்: “மெக்கானிக்கை முன்கூட்டியே கூப்பிட்டுடலாம். அவர் வந்து தயாரா நிக்கட்டும். நூறு போய் மாட்டிக்கட்டும். உடனே எடுத்து விட்டுடுவாரு. பத்து நிமிஷத்துல ஒண்ணாவது பயணத்துல நீ ராஜாத்தி மாதிரி இறங்கலாம்.”

நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது, அதுதான் வெட்கக்கேடு. மெக்கானிக்குக்குப் போன் போயிற்று. நல்லவேளை, அன்று வேறு வேலையாகப் பக்கத்துத் தெருவுக்கே வந்திருந்தார். நான் ஏறினேன்.

கீழே போனேன். மேலே வந்தேன். நிற்கவில்லை. கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து எல்லோரும் ஒரே குரலில் “ச்சே!” என்றார்கள்.

மறுபடி போனேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. மூன்று வருஷத்தில் அந்த லிஃப்ட் இவ்வளவு நன்றாக ஓடி நான் பார்த்ததில்லை. மாடிக்கு மாடி ஜனங்கள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, “நிக்குதா? நிக்குதா?” என்று கேட்டார்கள். “நல்லா குதிப்பா நூறு!” என்று ஆறாம் மாடியில் யாரோ கத்தினார்கள். குதித்தேன். கடவுளே, நின்று தொலையக்கூடாதா என்று அழுதுகொண்டே குதித்தேன். அது பாட்டுக்கு ஒன்பதாம் மாடிக்கு வந்து, மெதுவாக நின்று, கதவைக் காட்டியது. அவள் ஸ்டூலில் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

“இன்னும் நிக்கலை” என்றேன்.

“தெரியுது” என்றாள்.

நாலு பேர் சேர்ந்து நாற்காலியில் உட்காரவைத்துப் படியில் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார் பல் டாக்டர். எங்கள் வீட்டு நாற்காலியையே எடுத்துவந்து, முதலில் வெறும் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார்கள். முதல் திருப்பத்திலேயே கைப்பிடிச் சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

“நின்னுடுச்சே!” என்று பாட்டு டீச்சர் சந்தோஷமாகக் கூவினார். “இதையே நூறாவதா எடுத்துக்கலாமா சார்?”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். நிஜமாகவே யோசித்தார். “அது லிஃப்ட் இல்லையே” என்றார் கடைசியில், வருத்தத்தோடு.

அந்த நாற்காலிக்கு மேலே ஏறிக் குதித்துத்தான் மெக்கானிக் வந்து சேர்ந்தார். நூறாவது பயணம் முடியவில்லை என்று அவரையும் படியேறச் சொல்லியிருந்தார்கள். செயலாளர் அவர் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

“எப்பய்யா நிக்கும் இது?”

“நல்லாத்தானே ஓடுது? ஏன் நிக்கணும்?”

“நூத்துல ஒரு தடவை நிக்கும்னு நீதானே சொன்ன?”

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். “எப்ப? ஓ, அதுவா! ஒரு பேச்சுக்குச் சொன்னது சார். அடிக்கடி நிக்காது, எப்பவாவது நிக்கும்னு அர்த்தம். நூறுன்னா நூறேவா? நான் என்ன உக்காந்து எண்ணினேனா?”

பல் டாக்டர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். நான் என் ஸ்டூலைப் பார்த்தேன். மூன்று வருஷச் சம்பளம் ஒரு பேச்சுக்கு வாங்கியிருக்கிறேன்.

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக லிஃப்டை நோக்கி நடந்தாள். “வாங்க போகலாம்” என்றாள் என்னிடம்.

“நின்னுடுச்சுன்னா?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“நின்னாலும் நிக்கலாம். போன வாரம் ஏறினப்பவும் அப்படித்தான். எப்பவாவது நிக்கிற லிஃப்டுல போறதா, எப்பவும் செங்குத்தா இருக்கற படியில இறங்கறதா? எது மேல்னு நீங்களே சொல்லுங்க.”

அப்போதுதான் செயலாளர் லிஃப்ட் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “விட மாட்டேன். நிக்கும்மா. இப்ப கண்டிப்பா நிக்கும். நின்னே ஆகணும்.”

“ஏன் சார் நின்னே ஆகணும்?”

“நூத்துல ஒண்ணுன்னா நூறாவது வந்தே ஆகணும்! வரலைன்னா அப்புறம் எதுக்கு அப்படிச் சொல்றாங்க? ஏன் சொல்லணும்?”

அவர் கத்திய கத்தலில் அவள் வலியைக்கூட ஒரு கணம் மறந்து அவரைப் பார்த்தாள். நான் அவரைப் பிடித்துத் தள்ளுவதற்குக் கையை ஓங்கியே விட்டேன். அக்கா நடுவில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவரை அடிக்காதேப்பா. எங்க டாக்டர் எங்களுக்கும் நூத்துல ஒண்ணுன்னுதான் சொன்னாரு. குழந்தை பிறக்கறதுக்கு. அன்னையிலேருந்து மாசா மாசம் எண்ணிக்கிட்டு வர்றோம். போன மாசத்தோட தொண்ணூத்தெட்டு ஆச்சு.” சாக்பீஸ் அவர் விரலில் பொடியாகிக்கொண்டிருந்தது. “இன்னும் ரெண்டே மாசம்னு தொட்டில்கூட வாங்கிட்டு வந்துட்டாரு.”

செயலாளரின் கைகள் தாமாகக் கீழே இறங்கின. ஒன்பதாம் மாடியில் அத்தனை பேர் நின்றிருந்தோம், ஒருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஓங்கிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பையைச் சரிசெய்துகொண்டேன்.

“அக்கா, நீங்களும் உள்ள வாங்க. என் கையைப் பிடிச்சுக்குங்க” என்றாள் என் பெண்டாட்டி. “சார், நீங்களும்தான். சீக்கிரம்.”

நாலு பேரும் ஏறினோம். நான் பட்டனை அழுத்தினேன். எட்டு, ஏழு, ஆறு. எல்லா மாடியிலும் முகங்கள், ஒருவரும் கத்தவில்லை. நாலாம் மாடி தாண்டும்போது லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்தது பயமா ஆசையா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. லிஃப்ட் தொடர்ந்து இறங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று. தரைத்தளம். கதவைத் திறந்தேன்.

“நிக்கலையே” என்றார் செயலாளர். அழுதுகொண்டிருந்தார். “அப்ப நூறாவது மாசமும்?”

பல்லைக் கடித்துக்கொண்டு வலியை விழுங்கிவிட்டு அவள் சொன்னாள். வானிலை அலுவலகத்துக்குப் போன் செய்கிறவர்களிடம்கூட இவ்வளவு பொறுமையாகப் பேசியிருக்கமாட்டாள். “வரலாம், வராமலும் போகலாம் சார். அதுவும் மத்த மாசம் மாதிரி ஒரு மாசம்தான். ஆனா போன தொண்ணூத்தெட்டும் நீங்க எதையும் தப்பா பண்ணினதால போகலை. அதை மட்டும் தெரிஞ்சுக்குங்க. இப்ப வழி விடுங்க.”

அக்கா எங்களோடு டாக்சியில் ஏறிவிட்டார். செயலாளர் திறந்த லிஃப்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.

பெண் குழந்தை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் சிக்கல்தான் என்று டாக்டர் சொன்னார். குதித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தை நினைத்து நான் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். குழந்தையை நர்ஸ் முதலில் கொடுத்தது அக்கா கையில். நான் அழுதுகொண்டிருந்ததால் என்னை நம்பிக் கொடுக்கவில்லை.

வீடு திரும்பியபோது கரும்பலகை துடைத்து வெறுமையாக இருந்தது. ரேஷனும் போயிற்று. பல் டாக்டருக்கு மட்டும் பழக்கம் விடவில்லை, இன்னும் சில நாள் மறந்துபோய் நாலாம் மாடியில் இறங்கிவிடுகிறார். எனக்கு லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அதாவது எல்லாக் கட்டடத்திலும் இருக்கிற மாதிரி. சம்பளம் அதேதான்.

அக்காவின் நூறாவது மாதம் வந்தது, போயிற்று. யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் இருவரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எங்கேயோ பார்த்தார்.

“குழந்தையைக் கொஞ்சம் கீழ வரைக்கும் தூக்கிட்டுப் போயிட்டு வரட்டுமா?” என்றார் அக்கா.

“இப்பத்தான் பால் குடிச்சா. தாராளமாத் தூக்கிட்டுப் போங்கக்கா” என்றாள் என் பெண்டாட்டி.

லிஃப்ட் கிளம்பியது. ஏழாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் டங்கென்று நின்றது.

மூன்று வருஷம் உள்ளே உட்கார்ந்து பழகியவன், என் குழந்தை உள்ளே மாட்டிக்கொள்ள வெளியே நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. கம்பிக் கதவில் வாயை வைத்துக் கத்தினேன். “அக்கா! பயப்படாதீங்க! இதோ மெக்கானிக்கை வரச் சொல்றேன்! குழந்தை அழுவுதா?”

“இல்லப்பா” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “என் விரலைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கறா.” செயலாளர் என்னவோ மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார், சுருதி சுத்தமாகச் சேரவில்லை. பிறகு அக்கா சொன்னார், “ஒண்ணும் அவசரமில்ல. அவரை மெதுவாவே வரச் சொல்லு.”

நான் என் பெண்டாட்டியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். மெக்கானிக்குக்குப் போன் செய்து, சாப்பிட்டுவிட்டே வாருங்கள் என்றேன்.